சொப்பிங் பைக்கு வாங்கும் காசு: யாருக்கு எவ்வளவு சுமை, எப்படிச் சமாளிப்பது

கேள்வி இதுதான்: இலங்கையில் 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் சொப்பிங் பைக்குக் காசு வாங்குகிறார்கள். விலைவாசி ஏற்கனவே இப்படி இருக்கும்போது இது இன்னொரு சுமை இல்லையா? அந்தக் காசு யாருக்குப் போகிறது? வாங்காமல் சமாளிக்க முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால், வாரம் ஒருமுறை மொத்தமாகச் சாமான் வாங்கும் வீட்டுக்கு இது கணக்கில் வராத தொகை. அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குச் சமைக்கும் வீட்டுக்குச் சிறியதாக இருந்தாலும் உண்மையான சுமை. காசு அரசாங்கத்துக்குப் போகவில்லை, கடைக்காரரிடமே நிற்கிறது. சமாளிக்கலாம். ஆனால் மீனுக்கும் குப்பைக்கும் முன்கூட்டியே ஒரு வழி வைத்திருக்காவிட்டால் இரண்டாம் வாரமே பழையபடி பை வாங்கத் தொடங்கிவிடுவீர்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம், ஏனெனில் இதில் குழப்பம் நிறைய. 2017 செப்டம்பரில் வந்தது தடை. அந்த வருடம் ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்புக்கு அருகிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள் மீது சரிந்து 32 பேர் இறந்த பிறகு, லஞ்ச் சீற், ரெஜிபோம் பெட்டி, 20 மைக்ரோனும் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைந்ததுமான மெல்லிய பொலித்தீன், அதிக அடர்த்தி கொண்ட சரசரக்கும் பொலித்தீன் பை ஆகியவற்றை நிறுத்தினார்கள். ஆனால் குறைந்த அடர்த்திப் பொலித்தீனில் செய்த, 20 மைக்ரோனுக்கு மேல் தடிப்பான பை தடையில் வரவில்லை. கடைகள் அதற்கு மாறிக்கொண்டன, இலவசமாகவே கொடுத்தன. 2025 நவம்பரில் வந்தது தடை அல்ல. நுகர்வோர் விவகார அதிகார சபை வர்த்தமானி மூலம் போட்ட விற்பனை விதி. கைப்பிடி உள்ள குறைந்த அடர்த்திப் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைக் கடையில் தெரியும்படி வைக்க வேண்டும், பற்றுச்சீட்டில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பெரிய சுப்பர் மார்க்கெட்டுக்கு மட்டுமான விதி என்று பலர் நினைக்கிறார்கள். தெருமுனைச் சில்லறைக்கடைக்கும் அதே விதிதான்.

விதி சொல்லாதது ஒன்று உண்டு. ஒரு பைக்கு இவ்வளவு என்று விலை கட்டவில்லை. ஆகவே கடைக்குக் கடை விலை மாறும். கீழே உள்ள கணக்குகளுக்கு ஒரு பை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடையின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வீடு வாரம் ஒருமுறை 12,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறது, நான்கு பை எடுக்கிறது. பைச் செலவு வாரம் 20 ரூபாய், வருடத்துக்கு 1,040 ரூபாய். வருடச் சாமான் செலவு 6,24,000 ரூபாய் என்பதால் பைக்குப் போவது நூறு ரூபாய்க்கு 17 சதம் அளவுதான். இரண்டாவது வீட்டில் நாட்கூலி வருகிறது. மாலையில் கையில் காசு வந்தபின் 600 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, மரக்கறி வாங்குகிறார்கள், ஒரு பை எடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,825 ரூபாய். அவர்களின் வருடச் சாமான் செலவு 2,19,000. நூறு ரூபாய்க்கு 83 சதம். மூன்றில் ஒரு பங்கு செலவழிக்கும் வீடு, பைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுக்கிறது. மீன் கடையில் இன்னொரு பை எடுத்தால் 3,650 ரூபாய் ஆகிவிடும்.

‘ஐந்து ரூபாய்தானே’ என்று சொல்பவரும் ‘ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள்’ என்று சொல்பவரும் ஒரே பையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒரே வீட்டைப் பற்றி அல்ல. பைக் கட்டணம் பில்லின் அளவைப் பார்ப்பதில்லை, எத்தனை முறை கடைக்குப் போகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. அடிக்கடி, சிறிது சிறிதாக வாங்குபவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதே நேரம் அளவும் தெரிந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தைய வருடம் 300 ரூபாய்க்கு வாங்கிய உணவு 585 ரூபாய் ஆனது. 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனபோது, வரி பொருந்தும் 600 ரூபாய்ப் பொருளுக்கு ஏறத்தாழ 16 ரூபாய் ஏறியது. இவற்றோடு வைத்துப் பார்த்தால் வாழ்க்கைச் செலவை ஏற்றியது பை அல்ல. ஆனால் வற் வரி பல பொருள்களின் விலைக்குள் மறைந்துவிடுகிறது. பைக் காசு பில்லின் கடைசி வரியில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கோபம் அங்கே போவது இயல்பு. சொல்லப்போனால், கண்ணில் படவேண்டும் என்றுதான் அந்தக் கட்டணத்தையே போட்டார்கள்.

இனி, காசு யாருக்கு? கடைக்காரர் முன்பு கொடுத்த பை இலவசம் அல்ல. அதன் அடக்கவிலை அரிசியிலும் சவர்க்காரத்திலும் சேர்ந்திருந்தது. பை எடுக்காதவரும் அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது பைக்குத் தனிக் காசு என்றால், பொருள் விலையில் அந்தப் பங்கு குறைய வேண்டும். ஒரு பொருளுக்குச் சில சதம்தான் என்பதால் யாரும் குறைப்பதில்லை, குறைத்தாலும் தெரியாது. கடைக்கு இரண்டு பக்கமும் இலாபம்: பை வாங்கும் செலவு குறைகிறது, விற்ற பைக்கும் காசு வருகிறது.

அடக்கவிலையை நீங்களே ஓரளவு கணக்கிடலாம். மடிப்பை விரித்தால் 45 செ.மீ. அகலமும் 55 செ.மீ. உயரமும் உள்ள பையில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய அரைச் சதுர மீற்றர் பொலித்தீன் இருக்கும். 20 மைக்ரோனைச் சற்றே தாண்டிய தடிப்பில் அது ஏறக்குறைய 9 கிராம், கைப்பிடிக்கு வெட்டியதைக் கழித்தால் 8 கிராம் சொச்சம். ஒரு கிலோவில் ஏறக்குறைய 120 பை. கடைக்காரர் கிலோ 600 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு பை 5 ரூபாய். 30க்கு 40 செ.மீ. சின்னப் பை 4 கிராம்தான். அதன் அடக்கம் பாதிக்கும் குறைவு. சின்னதுக்கும் பெரியதுக்கும் ஒரே விலை வாங்கும் கடையில் சின்னப் பை எடுப்பவர்தான் நட்டப்படுகிறார். சமையலறைத் தராசில் பத்துப் பையைச் சேர்த்து நிறுத்துப் பாருங்கள், ஒரு பையை மட்டும் வைத்தால் தராசு சரியாகக் காட்டாது.

வேறு நாடுகள் இந்தக் காசை என்ன செய்தன என்பதில்தான் பாடம் இருக்கிறது. அயர்லாந்து 2002 மார்ச் 4இல் ஒரு பைக்கு 15 சென்ற் வரி போட்டது. கடைக்காரர் வசூலித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும், அது சுற்றாடல் நிதியத்துக்குப் போகும். ஆளுக்கு வருடம் 328 பையாக இருந்தது 21க்கு விழுந்தது. இங்கிலாந்து 2015 ஒக்ரோபர் 5இல் பெரிய கடைகளில் 5 பென்ஸ் போட்டது, 2021 மே 21 முதல் எல்லாக் கடையிலும் 10 பென்ஸ். அங்கே அது வரி அல்ல; கடை வைத்துக்கொள்ளலாம், பொதுக் காரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு மட்டுமே. ஆனால் பெரிய கடைகள் எத்தனை பை விற்றன, எவ்வளவு வந்தது, என்ன செய்தன என்று வருடாவருடம் அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும். அந்த 10 பென்ஸுக்குள் 20 வீத வற் வரியும் அடக்கம் என்பதால் 1.67 பென்ஸ் திறைசேரிக்குப் போகிறது. சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல், வருட விற்பனை 10 கோடி சிங்கப்பூர் டொலருக்கு மேற்பட்ட சுப்பர் மார்க்கெட்டுகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 சென்ற் வாங்க வேண்டும். அங்கேயும் பை எண்ணிக்கை, வசூல், அதைச் செலவழித்த விதம் மூன்றையும் வெளியிட வேண்டும். அந்த வருடம் ஜனவரியில் பொருள், சேவை வரி 7 வீதத்திலிருந்து 8 ஆகியிருந்தது, அடுத்த ஜனவரியில் 9 ஆக இருந்தது. விலைவாசிப் புலம்பல் அங்கேயும் இதே தொனியில்தான் கேட்டது.

என் கருத்து: கட்டணம் சரி, கணக்கு இல்லாததுதான் பிழை. குறைந்தபட்ச விலையும் வசூலை வெளியிடும் கட்டாயமும் இரண்டும் இல்லாத பைக் கட்டணம் பாதி வேலைதான் செய்யும். இங்கே பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளின் பில் முழுவதும் கணினியில் இருக்கிறது. எத்தனை பை விற்றது என்று ஒரு பொத்தானில் எடுக்கலாம். கேட்பதற்கு விதி இருந்தால் போதும்.

‘காசு வாங்குவதற்குப் பதில் பை கொண்டுவருபவருக்கு 5 ரூபாய் கழித்தால் என்ன, யாருக்கும் சுமை இல்லையே’ என்று ஒரு யோசனை எப்போதும் வரும். அமெரிக்காவில் வொஷிங்டன் நகரப் பகுதியில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 5 சென்ற் கழிவு கொடுத்த கடைகளில் பை எடுப்பவர் தொகை அசையவேயில்லை. 5 சென்ற் கட்டணம் வந்த இடத்தில் 82 வீதமாக இருந்தது 40 வீதம் ஆனது. தொகை ஒன்றுதான். கையிலிருந்து போகும் ஐந்துக்கு இருக்கும் உறுத்தல், கைக்கு வரும் ஐந்துக்கு இல்லை.

அந்த உறுத்தல் நிரந்தரமும் அல்ல. அயர்லாந்தில் 21க்கு விழுந்த எண்ணிக்கை 2006இல் 31 வரை மெல்ல ஏறியது. மக்களுக்கு 15 சென்ற் பழகிவிட்டது. 2007 ஜூலையில் 22 சென்ற் ஆக்க வேண்டியதாயிற்று. அயர்லாந்தின் விலைவாசிக்கே ஐந்து வருடத்தில் அப்படி என்றால், ஒரே வருடத்தில் உணவு விலை ஏறக்குறைய இரட்டித்த நாட்டில் நிலையான ரூபாய்க் கட்டணம் எவ்வளவு காலம் உறுத்தும் என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். பை வாங்காமல் சமாளிக்கும் திட்டம் முதலில் சறுக்குவது குப்பை விஷயத்தில்தான். சொப்பிங் பையின் இரண்டாவது வேலை குப்பை கட்டுவது. பை வருவது நின்றால் குப்பைப் பை காசு கொடுத்து வாங்கத் தோன்றும். கலிபோர்னியாவில் பைத் தடை வந்த ஊர்களை ஆராய்ந்தபோது கடைப் பையில் ஏறத்தாழ 1.8 கோடி கிலோ பிளாஸ்டிக் குறைந்தது, ஆனால் குப்பைப் பை விற்பனையில் 54 இலட்சம் கிலோ கூடியது. 15 லீற்றர் அளவுச் சின்னக் குப்பைப் பையின் விற்பனை 120 வீதம் ஏறியது. சிங்கப்பூரின் அடுக்குமாடிகளில் குப்பைக் குழாய்க்குள் கட்டிப் போட வேண்டியிருப்பதால் அங்கே இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. குப்பைப் பை வாங்கினால் சொப்பிங் பையில் மிச்சம் பிடித்ததை அங்கே விடுவீர்கள்.

அதற்கு வழி, குப்பையில் ஈரத்தைப் பிரிப்பதுதான். பை தேவைப்படுவது ஈரத்துக்கு மட்டும். மரக்கறித் தோல், மீன் செதிள், தேயிலைச் சக்கை எல்லாவற்றுக்கும் மூடி போட்ட 10 லீற்றர் வாளி ஒன்று, பை இல்லாமல். அடியில் இரண்டு கைப்பிடி உமி, மரத்தூள் அல்லது காய்ந்த இலை போடுங்கள். கசியும் நீரை அது இழுத்துக்கொள்ளும், வாளி கழுவுவதும் சுலபம். தேயிலைச் சக்கையையும் தேங்காய்ப்பூச் சக்கையையும் பிழிந்து போடுங்கள், வாளியில் நாறுவது பெரும்பாலும் அந்த நீர்தான். வளவு இருந்தால் குழியில் போடலாம். நகரத்தில் உக்கும் குப்பை எடுக்க வரும் நாளில் வாளியோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரலாம். காய்ந்த குப்பைக்கு உரப்பை ஒன்று போதும், மாதக்கணக்கில் வரும். பை இல்லாமல் முடியாதவை குழந்தையின் டயப்பர், சனிட்டரி நப்கின், இறால் கோது போன்ற சில. அதற்குப் பாண் பை, மா வந்த பை, நூடுல்ஸ் பெரிய பொதி, அரிசிப் பை என்று வீட்டுக்கு எப்படியும் வரும் உறைகளை வெட்டாமல் மேல்பக்கம் மட்டும் திறந்து எடுத்துவைத்தால் போதும். உறையைக் கத்தரியால் நடுவில் வெட்டும் பழக்கத்தை விட்டால் வாரத்துக்கு நான்கைந்து பை சும்மா கிடைக்கும்.

இரண்டாவது மீன். மீனும் இறைச்சியும் துணிப்பையில் போட முடியாது என்பதால்தான் பலர் துணிப்பைத் திட்டத்தையே கைவிடுகிறார்கள். 3 லீற்றர் மூடிப் பெட்டி ஒன்று இரண்டு கிலோ மீனுக்குப் போதும். இங்கே வரும் தகராறு நிறையில். டிஜிற்றல் தராசு என்றால் வெறும் பெட்டியை வைத்துப் பூச்சியமாக்கச் சொல்லுங்கள், பிறகு மீனைப் போடச் சொல்லுங்கள். படித் தராசு என்றால் முதலில் மீனைத் தட்டில் நிறுத்து, பிறகு பெட்டிக்கு மாற்ற வேண்டும். பெட்டியோடு நிறுத்தால் 200, 300 கிராம் பிளாஸ்டிக்குக்கு மீன் விலை கொடுப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் மீன் சந்தைக்குப் பனையோலையில் பின்னிய பையான உமல் கொண்டுபோன காலம் உண்டு. உமலில் நீர் வடிந்துவிடும், மீன் புழுங்காது. இன்றைக்கும் பஸ்ஸில் போகாதவருக்கு அது நல்ல வழிதான், வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் நன்றாகக் காய வைத்தால். அரை ஈரத்தில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இரண்டு வாரத்தில் போய்விடும். மரக்கறிக்கும் தேங்காய்க்கும் பன் புல்லில் பின்னிய பன்பை போதும், ஆனால் கைப்பிடி சேரும் இடத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் தாங்காது.

மீன், இறைச்சிக்குத் தரும் கறுப்புப் பையைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு நிறம் பெரும்பாலும் பல வகைக் கழிவுப் பொலித்தீனை உருக்கிச் சேர்த்ததை மறைக்கத்தான். அதில் பச்சை மீனை வெறுமனே போட்டுப் பல மணிநேரம் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, எந்தப் பை வாங்குவது? துணிபோலத் தெரியும் வண்ணப் பைகளில் பெரும்பாலானவை துணி அல்ல, நெய்யாத பொலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். கெட்டது என்று சொல்லவில்லை, எப்படிப் பாவிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதன் பகை வெயில். மோட்டார் சைக்கிளில் மாட்டியே விட்டால் சில மாதத்தில் தூளாக உதிரும், அந்தத் தூள் பொறுக்க முடியாத பிளாஸ்டிக். ஓரம் சூட்டில் ஒட்டியதை விடத் தைத்ததை எடுங்கள். சதுர மீற்றருக்கு 80 கிராமுக்குக் குறைந்தது பால்மாவும் சீனியும் கொண்டுவரத் தாங்காது.

எத்தனை முறை பாவித்தால் உண்மையில் மிச்சம் என்பதற்கு இங்கிலாந்தின் சுற்றாடல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பயன்படும். ஒரு தடவை பாவித்து எறியும் மெல்லிய பையோடு புவி வெப்பமாதல் கணக்கில் சமமாவதற்குக் காகிதப் பையை 3 முறையும், தடித்த பொலித்தீன் பையை 4 முறையும், நெய்யாத பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பாவிக்க வேண்டும். மெல்லிய பை ஒவ்வொன்றையும் குப்பைப் பையாக மறுபடி பாவித்தால் பருத்திப் பைக்கு அது 327 முறை. விழாவுக்கு விழா இலவசத் துணிப்பை கொடுத்து வீட்டில் இருபது சேர்ப்பது சுற்றாடல் சேவை அல்ல. இரண்டு மூன்று பையைக் கிழியும்வரை பாவிப்பதுதான் கணக்கு. பழைய துணியில் தைத்தால் இந்தக் கணக்கே எழாது, பருத்தி விளைவிக்கும் செலவு ஏற்கனவே சட்டையாகவோ சாரமாகவோ கழிந்துவிட்டது.

தைப்பதற்கு அளவு: 48 செ.மீ. அகலம், 102 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டு. நடுவில் மடித்தால் மடிப்பே பையின் அடி, அங்கே தையல் வராது, அதனால் அடி பிரியாது. இரண்டு பக்கமும் 1.5 செ.மீ. விட்டு இரட்டைத் தையல். அடி மூலைகளைக் குறுக்கே 10 செ.மீ. தைத்தால் தட்டையான அடி கிடைக்கும், மா, சீனி நிமிர்ந்து நிற்கும். வாயை 4 செ.மீ. மடித்துத் தையுங்கள். கைப்பிடிக்கு 60 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு, நான்காய் மடித்து 3 செ.மீ. பட்டி. பட்டியின் நுனியைப் பையின் உட்பக்கம் 5 செ.மீ. இறக்கி, பக்க ஓரத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி, சதுரமும் உள்ளே குறுக்குமாகத் தைக்க வேண்டும். ஒற்றைக் கோட்டுத் தையல் போட்டால் முதலில் பிய்வது அங்கேதான். தைத்தபின் தண்ணீர் நிரப்பிய 2 லீற்றர் போத்தல் நான்கைப் போட்டு ஓர் இரவு தொங்கவிடுங்கள், எட்டுக் கிலோ தாங்கினால் கடைக்குக் கொண்டுபோகலாம். ஒரு பழைய சாரத்தில் நைந்த இடம் போக மூன்று பை தேறும். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, நூல் தெரிந்தால் இரட்டைத் துணியாகப் போடுங்கள்.

பை வீட்டில் இருந்தும் கடையில் இல்லாததுதான் அடுத்த பிரச்சினை. நாட்கூலி வேலைக்குப் போய் வரும் வழியில் வாங்குபவருக்கு இது அலட்சியம் அல்ல, காலையில் போகும்போது மாலையில் என்ன வாங்குவோம் என்றே தெரியாது. உள்ளங்கையளவு மடியும் மெல்லிய நைலோன் பை அவர்களுக்குத்தான் அதிகம் உதவும்: சாப்பாட்டுப் பைக்குள்ளோ மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலோ நிரந்தரமாக ஒன்று. கடையிலிருந்து வந்து சாமானை இறக்கியதும் பையை மீண்டும் அதே இடத்தில் வைக்காவிட்டால் எந்தப் பையும் பயன்படாது. குளியலறைச் சவர்க்காரத்தையும் பாணையும் ஒரே பையில் போடாதீர்கள், பாண் மணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை துவையுங்கள், குறிப்பாக முட்டையோ இறைச்சிப் பொதியோ வந்த பையை.

கடைக்காரருக்கும் சில. பையைப் பில் இயந்திரத்தில் தனிப் பொருளாக, அளவுக்கு ஒரு குறியீடாகப் பதியுங்கள். கையால் எழுதும் பில்லில் ‘பை x 2’ என்று தனி வரி. விலைப் பலகை காசாளர் மேசையில் மட்டும் இருந்தால் ஆள் அங்கே வந்து சேரும்போது நேரம் கடந்திருக்கும். வாசலிலும் ஒன்று வேண்டும். பொருளைப் பில் போடத் தொடங்கும் முன்னே ‘பை இருக்கா, வேணுமா?’ என்று கேட்கப் பழக்குங்கள். கடைசியில் கேட்டால் வரிசை நிற்கும், ஆளும் கூச்சத்தில் வாங்குவார், அந்தக் கூச்சமே பிறகு கோபமாக வரும். பிஸ்கட், சவர்க்காரம் வந்த அட்டைப்பெட்டிகளை நசுக்காமல் வாசலருகே அடுக்கி வையுங்கள், மொத்தமாக வாங்குபவர்கள் அதில் கொண்டுபோவார்கள். காகிதப் பைக்குக் கடைப் பெயரை அச்சடித்து அதற்கும் விலை போட நினைத்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2019இல் இந்தியாவின் சண்டிகரில் ஒரு காலணிக் கடை அப்படிப் பெயர் அச்சடித்த காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியதற்கு, வாடிக்கையாளர் காசு கொடுத்து உங்கள் விளம்பரத்தைச் சுமக்க வேண்டுமா என்று நுகர்வோர் மன்றம் கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது இங்கே செல்லாது, ஆனால் வாடிக்கையாளர் மனம் எங்கேயும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் ஏன் இப்படி இல்லை என்றும் சிலர் கேட்கிறார்கள். அங்கே எடுத்தது வேறு வழி. 2019 ஜனவரி 1 முதல் கடைகளில் தரும் பை உட்படப் பல ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை, 2021 டிசம்பரில் துணிப்பையைப் பாவிக்கச் சொல்லும் மஞ்சப்பை இயக்கம், பிறகு கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம். தடையில் பைக்கு விலை கேட்க இடமில்லை, ஆனால் பிடிப்பதற்கு ஆள் வேண்டும். கட்டணத்தில் பிடிப்பதற்குப் பில் போதும், பில் போடாத கடையில் இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் பில்லைப் பாருங்கள். நீங்கள் கேட்காத பை ஏறியிருந்தால் அங்கேயே கழிக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. விலைப் பலகை இல்லை, பில்லில் பை தனியாக இல்லை, காட்டிய விலைக்கு மேல் வாங்கினார்கள் என்றால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். திகதி, நேரம், கடைக்கிளை, பற்றுச்சீட்டு நான்கும் கையில் இருக்கட்டும். பற்றுச்சீட்டு மையில்லாச் சூட்டுக் காகிதமாக இருந்தால் சில வாரத்தில் எழுத்து மறைந்துவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.